தமிழ்ச்செல்வன் கட்டிய காப்பு

என் அண்ணன் தமிழ்ச்செல்வனுக்கு மெதுவாகப் பேச வராது. பள்ளிக்கூடத்தை விட்ட வருஷமே சோமனூரில் ஒரு தறிக்குடோனில் வேலைக்குச் சேர்ந்தவன். ஒரே தகரக் கூரையின் கீழ் வரிசை வரிசையாக விசைத்தறிகள் சேர்ந்து அடிக்கிற இடம் அது. முதல் சில வருஷங்களிலேயே அவனுக்குக் காது பாதி போய்விட்டது. மீதி கொஞ்சம் கொஞ்சமாகப் போனது. தன் காதுக்கு எட்டினால்தான் அது பேச்சு என்று அவனுக்கு எண்ணம். பஸ்ஸில் என் பக்கத்தில் உட்கார்ந்து வீட்டு விஷயம் பேசினால் டிரைவர் கண்ணாடியில் எங்களைப் பார்ப்பார்.

குடோனுக்குள் அவன் வாயே திறக்க மாட்டான். அங்கே யாரும் திறப்பதில்லை. எல்லாம் கைதான். ஊடை நூல் தீர்ந்துவிட்டதென்றால் ஆள்காட்டி விரலைக் காற்றில் சுற்றுவார்கள். டீ வந்துவிட்டதென்றால் கட்டைவிரலை உதட்டில் வைப்பார்கள். ஓனர் வருகிறார் என்றால் இல்லாத மீசையை முறுக்குவார்கள். தறி ஓடுகிறதா என்று கேட்க, முஷ்டியை முன்னும் பின்னும் ஆட்டினால் போதும். நிறுத்து என்பதற்கு உள்ளங்கையைக் கவிழ்த்து, மேசையைத் துடைப்பதுபோல ஒரே இழுப்பு. எந்த மூலையில் இருந்தாலும் அந்த இழுப்பைப் பார்த்தவன் தறியை நிறுத்திவிடுவான்.

அவனுக்குக் கல்யாணமும் ஆனது. பொங்கலூர்ப் பக்கத்துப் பெண். இரண்டு வருஷம்கூட இருக்கவில்லை. சண்டை, அடிதடி எதுவும் கிடையாது. போகும்போது எங்கள் அம்மாவிடம், "ஊட்டுக்கு வந்தா அவரு பேசறதே இல்லீங்க. பேசுனா ஊருக்கே கேக்குதுங்க. ரெண்டுக்கும் நடுவால ஒண்ணு இருக்குதுன்னு அவருக்குத் தெரியாதுங்க" என்று சொல்லிவிட்டுப் போனாள். அவன் போய்க் கூப்பிடவில்லை. அம்மாவும் காலமான பிறகு, சோமனூரில் ஒரு லைன் வீட்டில் தனியாக இருந்தான். எட்டு வீடுகள் ஒரே சுவரில் ஒட்டியிருக்கும். கடைசியில் எல்லாருக்கும் சேர்த்து இரண்டு கக்கூஸ். காலையில் வாளியோடு வரிசையில் நிற்க வேண்டும். அவனே சமைப்பான். சோறு, பச்சைப்பயறு கடைசல், மோர். ஞாயிற்றுக்கிழமை கறி எடுக்கிற வழக்கமும் விட்டுப்போயிருந்தது. "ஒருத்தனுக்குன்னு கோழி எடுத்தா மூணு நாளைக்கு அது மொகத்துலயே முழிக்கோணும்" என்பான்.

ஒறம்பறை சொந்தங்களுக்கு அவன் நினைவு வருவது சீர் சமயத்தில்தான். என் மகள் யுவஸ்ரீக்குக் காது குத்தும்போது தாய்மாமன் மடியில்தான் உட்கார வைக்க வேண்டும் என்று அவனைக் கூப்பிட்டோம். புது வேட்டியில் வந்து, கிடா வெட்டி, தோடு போட்டு, குழந்தை அழுததும் அதைவிடச் சத்தமாக "அவ்வளவுதான் சாமி, அவ்வளவுதான்!" என்று கத்தி அவளை இன்னும் அழவைத்தான். சாப்பாடு முடிந்ததும் யாரும் சொல்லாமலே கிளம்பிவிட்டான். பந்தியில் அவன் பக்கத்தில் உட்கார யாருக்கும் பொறுமை கிடையாது. எதைச் சொன்னாலும் இரண்டு தரம் சொல்ல வேண்டும்.

யுவஸ்ரீக்கு ஐந்து வயதில் ரத்தப் புற்றுநோய் வந்தது. மருந்தில் அடங்கியது. ஏழு வயதில் மறுபடி வந்தபோது, எலும்பு மஜ்ஜை மாற்றுவது ஒன்றுதான் வழி என்றார்கள். மஜ்ஜை கொடுக்க என் கணவர் கருப்புசாமி பொருந்தினார். அவர் பல்லடத்தில் கறிக்கோழி லோடு வண்டி ஓட்டுகிறவர். எல்லாம் தயார் என்ற நேரத்தில்தான் அந்தக் கிருமி குறுக்கே வந்தது.

கோயம்புத்தூர் ஆஸ்பத்திரியில் யுவஸ்ரீயைப் பார்த்தவர் டாக்டர் ஹிபா. சின்ன வயது. கரும்புக்கடைப் பக்கம் வீடு. என்னையும் கருப்புசாமியையும் அண்ணனையும் உட்கார வைத்துச் சொன்னார்.

"பாப்பாவோட குடல்ல ஒரு கிருமி குடியிருக்குதுங்க்கா. எந்த ஆன்டிபயாட்டிக்குக்கும் கட்டுப்படாத வகை. சும்மா இருக்கறப்ப அது ஒண்ணும் பண்ணாது. மஜ்ஜை மாத்தறதுக்காக அவ எதிர்ப்புச் சக்திய நாங்க மொத்தமா எறக்குவோம். அப்ப அது ரத்தத்துல ஏறும். ஏற்கெனவே ரெண்டு தடவை ஏறியிருக்கு. மூணாவது தடவை ஏறுனா எங்க கையில மருந்து இல்ல."

அந்த இரண்டு தடவையும் யுவஸ்ரீ ஐ.சி.யூ.வில் கிடந்தாள். கடைசியாகப் போட்ட ஊசிகளில் ஒன்று அவள் காதையும் கொஞ்சம் மந்தமாக்கியிருந்தது. கூப்பிட்டால் உடனே திரும்ப மாட்டாள்.

"அப்பறம் என்னங்க பண்றது?" என்று கருப்புசாமி கேட்டார்.

"ஒரு வழி இருக்குதுங்ணா. வெளிநாட்டுல கொஞ்சப் பிள்ளைகளுக்குப் பண்ணிப் பாத்திருக்காங்க. கண்டிப்பா வேலை செய்யும்னு நான் சொல்ல மாட்டேன். ஆரோக்கியமா இருக்கற ஒருத்தரோட மலத்தை எடுத்து, கரைச்சு வடிகட்டி, குழாய் வழியாப் பாப்பா குடலுக்குள்ள விடறது. அதுல இருக்கற நல்ல கிருமிங்க உள்ள பெருகி, கெட்டதை ஒதுக்கித் தள்ளும்."

கருப்புசாமி தலையைக் குனிந்துகொண்டார். நானும் எங்கே பார்ப்பதென்று தெரியாமல் இருந்தேன். அண்ணன் பாதிதான் கேட்டிருப்பான். மீதியை டாக்டரின் உதட்டைப் பார்த்துப் படித்திருந்தான்.

"ஏனுங்க டாக்டரம்மா, எங்க லைன் ஊட்டாட்டத்தான்!" என்றான், வராந்தாவின் அந்தக் கோடிவரை கேட்கும்படி. "ஊடு காலியாக் கெடந்தாத்தான் கண்டவனும் குடிவாரான். அக்கட்ட இக்கட்ட நல்ல குடித்தனமா நெறைஞ்சுபோச்சுன்னா அவனுக்கு எடமேதுங்க? தானாக் கெளம்பிப்போடுவான்!"

டாக்டர் சிரித்துவிட்டார். "இனிமே எல்லாருக்கும் இப்படியே சொல்லிடறேங்ணா."

யாருடையதை எடுப்பது என்பதுதான் கேள்வி. முதலில் என்னையும் கருப்புசாமியையும் சோதித்தார்கள். இருவருக்குமே வயிற்றில் மருந்துக்கு அடங்காத கிருமி இருந்தது. மாதக்கணக்கில் யுவஸ்ரீயோடு ஆஸ்பத்திரியில் கிடந்தவள் நான். எனக்கு இருந்தது யாருக்கும் ஆச்சரியமில்லை. கருப்புசாமிதான் உடைந்துபோனார். "கோழி வண்டி ஓட்டறதுனாலங்களா?" என்று திரும்பத் திரும்பக் கேட்டார். அப்படி ஒன்றைக் கைகாட்டிச் சொல்ல முடியாது, நன்றாக இருக்கிற பலருக்கே இருக்கிறது என்று டாக்டர் சொன்னதை அவர் நம்பவில்லை. அன்றைக்கு வீட்டுக்குப் போய் வண்டியை நாள் முழுக்கக் கழுவியிருக்கிறார்.

சொந்தத்தில் கேட்டுப் பார்த்தோம். கருப்புசாமியின் தம்பி, "ரத்தம் கேளுங்க அண்ணி, இப்பவே தாரேன். இதைப் போயி எப்படிங்க..." என்று இழுத்தார். அதை அண்ணனிடம் சைகையும் வாயுமாகச் சொன்னபோது அவன் மறுபடி வராந்தாவையே அதிரவைத்தான்.

"ரத்தம் குடுக்கறதுன்னா ஊசி குத்திக்கோணும். இது தெனமும் சும்மா போறதுதான புள்ள? கூச்சம் என்ன கூச்சம்? காது குத்துக்குச் சீரு செஞ்சேன், பொறந்த நாளுக்குத் துணி எடுத்தேன். இதையும் தாய்மாமன் சீருன்னு எழுதிப்போடு!"

பக்கத்தில் நின்ற நர்ஸ், "அண்ணா, மெதுவாங்ணா" என்று வாயைப் பொத்திச் சிரித்தார்.

அவனைச் சோதித்தார்கள். ரத்தம், மலம், மஞ்சள் காமாலை, இன்னும் என்னென்னவோ. எல்லாம் சுத்தம். அதற்கு என்ன காரணம் என்று டாக்டருக்கே தெரியவில்லை. வருஷக்கணக்கில் அவன் மாத்திரை எதுவும் சாப்பிட்டதில்லை, ஆஸ்பத்திரி வாசலை மிதித்ததில்லை. அதுவாக இருக்கலாம், வெறும் அதிர்ஷ்டமாகவும் இருக்கலாம் என்றார். நான் வீடியோ காலில் கூப்பிட்டு, "நீ பாஸ் அண்ணா" என்று கட்டைவிரலை உயர்த்திக் காட்டினேன். அவன் பின்னால் தறிகள் அடித்துக்கொண்டிருந்தன. புரியாமல் போனை முகத்துக்கு அருகே கொண்டுவந்தான். மறுபடி காட்டினேன். புரிந்ததும் போனைப் பக்கத்துத் தறிக்காரரிடம் திருப்பி என்னை அவருக்குக் காட்டினான். அவருக்கு என்ன தெரியும் பாவம், அவரும் கட்டைவிரலை உயர்த்தினார். அத்தனை சந்தோஷத்தை அவன் கல்யாணத்தன்றுகூட நான் அவன் முகத்தில் பார்த்ததில்லை.

டாக்டர் கொடுத்த விதிகள் நாலைந்துதான். கடைச் சாப்பாடு வேண்டாம். வெளியூர்ப் பயணம் வேண்டாம். காய்ச்சல், வயிற்றுப்போக்கு வந்தால் சொல்ல வேண்டும். எல்லாவற்றுக்கும் மேலாக, மெடிக்கலில் எந்த மாத்திரையும் வாங்கிப் போடக் கூடாது. எங்கள் பக்கம் காய்ச்சல் என்றாலும் பல்வலி என்றாலும் யாரும் முதலில் டாக்டரிடம் போவதில்லை. மெடிக்கலில் போய் நின்று "ஒரு செட்டுங்க" என்றால், நாலு கலர் மாத்திரை பொட்டலம் கட்டித் தருவார்கள். அதில் ஒன்று ஆன்டிபயாட்டிக்காகத்தான் இருக்கும்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை அவன் ஆஸ்பத்திரிக்கு வந்தபோது வலது மணிக்கட்டில் மஞ்சள் கயிறு இருந்தது. அதில் ஒரு விரலி மஞ்சள் துண்டு கோத்திருந்தது. எங்கள் ஊர் மாரியம்மன் கோயிலில் திருவிழாவுக்கு நோம்பி சாட்டினால் காப்புக் கட்டுவார்கள். கட்டியவன் கவுச்சி தொட மாட்டான், ஊர் எல்லை தாண்டித் தங்க மாட்டான். நோம்பி முடிந்து மஞ்சள் நீர் ஆடிய பிறகு, பூசாரி சொன்னால்தான் அவிழ்த்துத் தண்ணீரில் விடுவார்கள். நடுவில் கெட்டுப்போனால் அது கட்டியவனைச் சேராது. யாருக்காக வேண்டிக்கொண்டானோ அவர்களைச் சேரும் என்பது நம்பிக்கை. நோம்பி இல்லாத காலத்தில் அவனாகவே போய்க் கேட்டுக் கட்டிக்கொண்டு வந்திருந்தான்.

"என்னத்துக்குண்ணா இது?" என்று கேட்டேன்.

"டாக்டரம்மா சொன்ன வெரதம் இருக்கோணுமில்ல. கட்டுன்னு ஒண்ணு இருந்தாத்தான் கனகு, கை மெடிக்கல் பக்கம் போகாது."

லைன் வீட்டில் அவனுக்குப் பக்கத்து வீட்டுக்காரி பாவாத்தாள். நூல் மில்லுக்குப் போகிறவர், வாய் கொஞ்சம் நீளம். பின்னால் அவர் சொல்லித்தான் அந்த நாட்களைப் பற்றி எனக்குத் தெரியும்.

"என்ன தமிழு, அல்லாரும் கோயிலு நோம்பிக்குக் காப்புக் கட்டுவாங்க. நீ கக்கூசுக்குக் காப்புக் கட்டியிருக்கறயாமா?" என்று வாளி வரிசையில் வைத்தே கேட்டிருக்கிறார். வரிசையே சிரித்திருக்கிறது.

"ஆமா பாவாத்தா. எனக்கு வழியுடு. இனி என்னுது வெலையுசந்த சரக்கு" என்றானாம்.

வெலையுசந்த சரக்கு முதல் நாள் வரவே இல்லை. ஆஸ்பத்திரியில் அதற்கென்று ஒரு அறை, மேல்நாட்டுக் கக்கூஸ், சுத்தமான டப்பா எல்லாம் வைத்திருந்தார்கள். காலையில் போய் உட்கார்ந்தவன் வெகுநேரம் கழித்து வெறுங்கையோடு வந்தான்.

"நாக்காலியில உக்கார வெச்சா எப்படிங்க வரும்? வெளிய வேற மூணு பேரு காத்துட்டு நிக்கறாங்க!"

"உங்க லைன் ஊட்டுல எட்டுக் குடும்பம் காத்துட்டு நிக்குமேங்ணா" என்றார் டாக்டர் ஹிபா.

"அவீக வையறாங்கம்மணி. வஞ்சாத்தான் வருது!"

கடைசியில் ஆஸ்பத்திரி வளாகத்தை இரண்டு சுற்றுச் சுற்றி, வேப்பமரத்தடியில் நின்று, நான் பிளாஸ்கில் கொண்டுபோன வீட்டுக் காப்பியைக் குடித்துவிட்டு மறுபடி உள்ளே போனான். திரும்பி வரும்போது டப்பாவை இரண்டு கையாலும் தாங்கி, சீர்த்தட்டு எடுத்து வருகிறவன் மாதிரி நடந்து வந்தான். நர்ஸ் வாங்கிக்கொண்டு ஓடினார். அன்று மதியமே மூக்கு வழியாகக் குழாய் போட்டு யுவஸ்ரீக்குச் செலுத்தினார்கள். பார்ப்பதற்கு வெறும் கலங்கல் தண்ணீர்.

யுவஸ்ரீயைத் தனி அறையில் வைத்திருந்தார்கள். கூட இருக்க எனக்கு மட்டும் அனுமதி. மற்றவர்கள் வராந்தாவில், முகக்கவசத்தோடு, கண்ணாடிக்கு அந்தப்புறம் நிற்கலாம். கருப்புசாமி வந்தால் அழுவார். அவள் அப்பாவைத் தேற்ற வேண்டியிருக்கும். அண்ணன் வந்தால் முஷ்டியை முன்னும் பின்னும் ஆட்டுவான். தறி ஓடுதா? காலையில் ஒழுங்காகப் போனாயா என்பதைத்தான் அப்படிக் கேட்கிறான். அவள் முஷ்டியை ஆட்டினால் ஓடுகிறது. விரலைச் சுற்றினால் நூல் தீர்ந்துவிட்டது, ஒன்றும் வரவில்லை. டாக்டர் ஹிபா வருவதைப் பார்த்தால் இருவரும் ஒரே நேரத்தில் மீசையை முறுக்குவார்கள். காது மந்தமான இரண்டு பேரும் அந்தக் கண்ணாடியின் இரு பக்கமும் நின்று பேசியது போல, காது கேட்கிற நாங்கள் யாரும் அவளோடு பேசவில்லை. அவன் தன் வாழ்நாளில் அத்தனை நேரம் யாரோடும் பேசியிருக்க மாட்டான்.

சில வாரங்கள் கழித்துச் சோதித்ததில் கிருமி குறைந்திருந்தது, போகவில்லை. இரண்டாவது முறை கொடுத்தான். இந்தத் தடவை வளாகத்தைச் சுற்றத் தேவைப்படவில்லை. கிளம்பும்போது டாக்டர், "இனி ரிசல்ட்டுக்குக் காத்திருக்கோணுங்ணா. சுத்தமாயிருந்தா மஜ்ஜை மாத்த ஆரம்பிச்சிருவோம். இல்லீன்னா பாக்கலாம்" என்றார்.

டாக்டரைப் பொறுத்தவரை, கொடுப்பவருக்கான விதிகள் கொடுத்து முடித்ததோடு தீர்ந்துவிட்டன. மறுபடி வேண்டுமென்றால் மறுபடி முதலிலிருந்து சோதிப்பார்கள். ஆனால் அண்ணனின் கணக்கு வேறு. நோம்பி முடியவில்லை. மஞ்சள் நீர் ஆடவில்லை. அவிழ்க்கலாம் என்று யாரும் சொல்லவில்லை.

அதற்குப் பிறகுதான் அவனுக்குக் கடைவாய்ப் பல் வலித்திருக்கிறது. கிராம்பை வைத்து அடக்கிக்கொண்டு வேலைக்குப் போயிருக்கிறான். பிறகு தாடை வீங்கியது. கண்ணாடிக்கு வெளியே வந்து நின்ற கடைசி ஞாயிற்றுக்கிழமை முகக்கவசம் அதை மூடியிருந்தது. முஷ்டியை ஆட்டினான், யுவஸ்ரீ ஆட்டினாள், வழக்கத்தைவிடச் சீக்கிரம் கிளம்பினான். புதுப் பாவு ஏத்துகிறார்கள், அடுத்த வாரம் வர முடியாது என்று கையாலேயே சொன்னான். வாயைத் திறக்க முடியாமல்தான் கையால் சொன்னான் என்பது யாருக்குத் தோன்றும்? அவன் அங்கே எப்போதும் கையால்தான் பேசினான்.

பாவாத்தாள் விடவில்லை. "அடப் பாவி, மொகம் பூசணிக்காயாட்ட ஆகிப்போச்சு. பல்லு டாக்டர்கிட்டயாச்சும் போ" என்றிருக்கிறார்.

"போனா மாத்தரை குடுப்பாங்க."

"குடுத்தா முழுங்கு. உன்ற வேலைதான் ஆயிப்போச்சுல்ல? டப்பாவுல குடுத்துப்போட்டுத்தான வந்த?"

"குடுத்தது அங்க இன்னும் உள்ள பெருகிட்டு இருக்குது பாவாத்தா. நானு இங்க காப்பைக் கெடுத்தா அங்க புள்ளைக்குக் கெட்டுப்போகும். ரிசல்ட்டு வரட்டும்."

பாவாத்தாள் தானே போய் மெடிக்கலில் ஒரு செட் வாங்கி வந்து அவன் ஜன்னலில் வைத்தார். பொட்டலம் பிரிக்காமல் அங்கேயே இருந்தது.

ரிசல்ட் ஒரு வியாழக்கிழமை காலையில் வந்தது. டாக்டர் ஹிபா கவச உடையை மாட்டிக்கொண்டு உள்ளேயே வந்துவிட்டார். "இப்போதைக்குக் காணோங்க்கா. தேடித் தேடிப் பாத்துட்டாங்க, இல்ல. திங்கக்கெழமை ஆரம்பிச்சிரலாம்" என்றார். முதலில் அண்ணனுக்குத்தான் கூப்பிட்டேன். எடுக்கவில்லை. தறி ஓடும்போது அவனுக்குத் தெரியாது என்று விட்டுவிட்டு மறுபடி கூப்பிட்டேன். மதியம் கருப்புசாமியிடமிருந்து அழைப்பு வந்தது. லோடு இறக்கிவிட்டு, சேதி சொல்லலாம் என்று சோமனூர் போயிருக்கிறார். வீடு பூட்டியிருந்தது. மூச்சுவிட முடியாமல் கிடந்தவனைப் பாவாத்தாள் காலையில்தான் ஆம்புலன்ஸில் ஏற்றியிருக்கிறார். அதே கோயம்புத்தூரில் பெரிய ஆஸ்பத்திரிக்கு அவனைக் கொண்டு வந்திருந்தார்கள். கருப்புசாமி அங்கே போய்ச் சேர்ந்துதான் என்னைக் கூப்பிட்டார்.

"கனகு, ஊசி போட உட மாட்டீங்கறாப்புடி. மணிக்கட்டப் புடிச்சுட்டு, கையக் குடுக்க மாட்டீங்கறாப்புடி. ரெண்டு பேரு சேந்து புடிச்சும் முடியல. நாஞ்சொல்றது எதுவும் காதுல ஏற மாட்டீங்குது."

"வீடியோவுல போடுங்க."

திரையில் அண்ணன் முகம் எனக்கு அடையாளம் தெரியவில்லை. கழுத்தும் தாடையும் ஒன்றாகியிருந்தன. கண் மட்டும் அவனுடையது. நான் கத்தினேன். சுத்தமாயிருச்சு, ரிசல்ட் வந்திருச்சு, ஊசி போட்டுக்கோ என்று கத்திக் கத்திச் சொன்னேன். அவன் என் உதட்டைப் பார்க்கவும் இல்லை.

யுவஸ்ரீ என் தோள் பக்கமாக எட்டிப் பார்த்தாள். "மாமாவா?" என்றாள். போனைக் கையில் வாங்கி, கட்டிலில் சாய்த்து வைத்து, தன் முகம் முழுக்கத் தெரிகிற மாதிரி உட்கார்ந்தாள். முஷ்டியை முன்னும் பின்னும் ஆட்டினாள். ஓடுகிறது. பிறகு கட்டைவிரலை உயர்த்தினாள். பிறகு உள்ளங்கையைக் கவிழ்த்து, ஒரே இழுப்பு.

அவன் அதைப் பார்த்தான். மணிக்கட்டிலிருந்து பிடி தளர்வதை நானும் பார்த்தேன். வலது கையை நர்ஸின் பக்கம் நீட்டினான். நர்ஸ் ஒரு கத்தரியால் காப்பை வெட்டினார்.

மறுநாள் அவன் இறந்துவிட்டான். பல்லில் ஆரம்பித்த சீழ் கழுத்து வழியாக நெஞ்சுக்கு இறங்கியிருந்தது. நாலு நாள் முன்னால் வந்திருந்தால் சாதாரண ஆன்டிபயாட்டிக்கே போதும் என்று அங்கிருந்த டாக்டர் கருப்புசாமியிடம் சொன்னாராம்.

நான் போகவில்லை. போய்வந்தால் யுவஸ்ரீயின் அறைக்குள் என்னை விட மாட்டார்கள், திங்கட்கிழமை தள்ளிப்போகும். கருப்புசாமியும் குடோன்காரர்களும் சேர்ந்து உடலை எடுத்தார்கள். அன்றைக்குக் குடோனில் எல்லாத் தறியையும் கொஞ்ச நேரம் நிறுத்தினார்களாம். அந்த அமைதி எப்படி இருந்திருக்கும் என்று நினைத்துப் பார்க்கிறேன். நான் அந்த நேரம் கட்டிலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து யுவஸ்ரீக்கு இட்லியைப் பிசைந்து கொடுத்துக்கொண்டிருந்தேன்.

டாக்டர் ஹிபா அன்று சாயங்காலம் வந்து என் பக்கத்தில் தரையிலேயே உட்கார்ந்தார். பிறகு, "அதைச் சாமி கயிறுன்னு மட்டுந்தான் நெனச்சேங்க்கா. ரெண்டாவது தடவை ரத்தம் எடுக்கறப்ப கழட்டச் சொன்னா மாட்டேன்னாரு, சரின்னு இன்னொரு கையில எடுத்தோம். யாரு சொன்னா அவுப்பாங்கன்னு எனக்குத் தெரியாது" என்றார். அவர் சொல்ல வேண்டும் என்றுதான் அண்ணன் காத்திருந்தான் என்பதை அவரிடம் நான் சொல்லவில்லை. சொல்லாமலே அவருக்குத் தெரிந்திருந்தது.

மஜ்ஜை மாற்றினார்கள். கிருமி ரத்தத்தில் ஏறவில்லை. இப்போது யுவஸ்ரீ வீட்டில் இருக்கிறாள். தலைமுடி முளைத்துச் சுருட்டையாக வருகிறது. "ரத்தம் என்னுது, வயிறு மச்சானுது. உனக்கு என்ன மிச்சம் கனகு?" என்று கருப்புசாமி எப்போதாவது சிரிக்க முயல்வார். அவள் சத்தமாகப் பேசுகிறாள். காது மந்தமானதால்தான் என்று எங்களுக்குத் தெரியும். பக்கத்து வீட்டுக்காரர்கள் திரும்பிப் பார்க்கிறார்கள்.

வெட்டிய காப்பைக் கருப்புசாமி சட்டைப் பையில் போட்டு எடுத்து வந்தார். வழக்கப்படி தண்ணீரில் விட வேண்டும். உக்கடத்தில் இறங்கிக் குளத்தில் விடலாம் என்று போய், மனசு வராமல் திரும்பிவிட்டார். அது என்னிடம்தான் இருக்கிறது. மஞ்சள் துண்டு காய்ந்து சுருங்கிவிட்டது. கயிறு நிறம் போகவில்லை. மாரியம்மன் நோம்பிக்கு ஊருக்குப் போகும்போது பூசாரியிடம் கேட்க வேண்டும். இதை அவிழ்க்கச் சொல்ல வேண்டியவர்கள் சொல்லித்தான் அவிழ்த்தோமா என்று.

மாமா இல்லை என்று யுவஸ்ரீயிடம் சொல்லிவிட்டோம். கேட்டுக்கொண்டாள். ஆனால் தினமும் காலையில் கக்கூஸ் கதவைத் திறந்து வெளியே வந்ததும், முற்றத்து வாசலைப் பார்த்து முஷ்டியை முன்னும் பின்னும் இரண்டு தரம் ஆட்டுகிறாள். அங்கே யாரும் நிற்பதில்லை. கொஞ்ச நேரம் பார்த்துவிட்டுக் கை கழுவப் போகிறாள்.